ஞாயிற்றுக்கிழமை டயர்கள்

ஐந்தேகாலுக்கு எழுந்தான். கெட்டிலில் தண்ணீர் வைத்தான், ஒரு கோப்பைக்கு மட்டும். அந்த அளவு கைக்குப் பழகவே இரண்டு மாதம் ஆகியிருந்தது. பல் தேய்த்தான். இரண்டு நிமிடம், கீழ்வரிசையில் உள்பக்கமும். வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டான். நேற்று வாங்கிய உப்பு ரொட்டியைக் கீறி, உள்ளே சீஸ் வைத்து, நின்றபடியே சாப்பிட்டான். தட்டைக் கழுவிக் கவிழ்த்தான். பிறகு வெளியே போய் வண்டியின் நான்கு டயரிலும் காற்று பார்த்தான். முப்பத்திரண்டு. முப்பத்திரண்டு. முப்பத்திரண்டு. முப்பத்திரண்டு. நேற்றும் அதுதான் இருந்தது. முந்தாநாளும் அதுதான்.

இரண்டு வருடம் நான்கு மாதமாக தினமும் காலையில் இதைச் செய்கிறான்.

அகீம் ஹோல்டருக்கு வயது முப்பத்து நான்கு. சிக்ஸ் ரோட்ஸ் சந்திப்பில் சொந்தமாக டயர் கடை. மனைவி கெசியா இப்போது உயிரோடு இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியார் மிஸ் வெல்டாவைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போவான். திரும்பும்போது அவர் ஒரு டப்பாவில் சீஸ் போட்டுச் சுட்ட மக்ரோனிப் பலகாரமும் கோழியும் கொடுத்தனுப்புவார். இருவரும் அதிகம் பேசுவதில்லை. இத்தனை நாள் அது போதுமாக இருந்தது.

இந்த ஞாயிறு அப்படி இல்லை.

வியாழக்கிழமை மிஸ் வெல்டா போன் செய்திருந்தார். கோயிலில் இந்த வாரம் இளைஞர்களுக்காக ஒரு விசேஷப் பிரார்த்தனையாம், சாலைப் பாதுகாப்பைப் பற்றி. பாதிரியார் அவரைப் பேசச் சொல்லியிருக்கிறார். எழுதிவைத்ததை போனிலேயே வாசித்துக் காட்டினார். முதல் வரி, 'என் மகள் கெசியாவைக் கொன்றது வேகம்.' கடைசிப் பக்கத்தில் இன்னொரு வரி. 'அன்று காலை அவள் தன் கணவனிடம், சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். அதுதான் அவள் கடைசியாகச் சொன்னது.'

நன்றாக இருக்கிறதா என்று கேட்டார். நன்றாக இருக்கிறது என்றான்.

இரண்டு வரியுமே பொய். முதலாவது பொய் என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். இரண்டாவது, சவ அடக்கத்தன்று அவனே இட்டுக்கட்டிச் சொன்னது.

ஒன்பது மணிக்குப் பிரார்த்தனை. அதற்குள் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, ஊரே கெசியாவை ஒரு எச்சரிக்கைப் பலகையாகப் பார்ப்பதை அவனும் பார்க்க வேண்டும்.

எட்டரைக்குத்தான் அவரைக் கூப்பிடப் போக வேண்டும். வண்டிக்குள் ஏறி உட்கார்ந்தான். கண்ணாடியில் தூறல் விழத் தொடங்கியது... மழை என்றால் அவள்தான். முதலில் வந்ததே மழையோடு அல்லவா.

ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை. கடையின் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன வண்டி வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு பெண் தலையில் கைப்பையைப் பிடித்தபடி ஓடி வந்தாள். வந்த வேகத்திலேயே, ரொம்ப ஒட்டுகிற டயர் வேண்டும், கடையில் இருப்பதிலேயே அதிகம் ஒட்டுவது எதுவோ அது, என்றாள்.

அவன் குனிந்து ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"குட்மார்னிங்," என்றான்.

அவ்வளவுதான். இந்தத் தீவில் கடைக்குள் நுழைந்தாலும் பஸ்ஸில் ஏறினாலும் முதல் வார்த்தை அதுதான். அதைச் சொல்லாமல் ஒருத்தி பேச ஆரம்பித்தால், அவள் வீட்டில் யாரும் அவளை வளர்க்கவில்லை என்று பொருள்.

அவள் கைப்பையைத் தலையிலிருந்து இறக்கினாள்.

"...குட்மார்னிங்."

கோபம் பாதி, சிரிப்பு பாதி. எது எங்கே முடிகிறது என்று தெரியாத குரல். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். இங்கே பானம் போட மாபி மரப்பட்டையைக் கொதிக்கவைத்து இறக்கியதும் தண்ணீருக்கு ஒரு நிறம் வருமே, அந்த நிறத்தில் கண்கள். கசப்பா இனிப்பா என்று குடித்தவனுக்குத்தான் தெரியும். இமை நுனியில் ஒரு துளி மழை தொங்கிக்கொண்டிருந்தது. விழுமா விழாதா என்று அகீம் ஒரு கணம் ஸ்பேனரைப் பிடித்தபடி நின்றான். விழுந்தது.

"நனைஞ்சு வந்தவளுக்கு முதல்ல துடைக்க ஏதாவது குடுப்பாங்க," என்றாள் அவள். "அப்புறமா பாடம் நடத்துவாங்க."

அருகில் கிடந்த துணியை நீட்டினான். அவள் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். அது அவன் கை துடைக்கிற துணி என்பது அவளுடைய இடது கன்னத்தில் ஒரு கரிய கோடு விழுந்த பிறகே அவனுக்கு உறைத்தது. சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் போய்விடுவாளோ என்று இருந்தது.

தினமும் எந்த ரோட்டில் ஓட்டுகிறாள் என்று கேட்டான். பாத்ஷீபாவிலிருந்து ஹார்ஸ் ஹில் ஏறி பிரிட்ஜ்டவுன் வரை, பல் ஆஸ்பத்திரியில் வேலை, பல் சுத்தம் செய்கிறவள். ரேஸ் டிராக்கில் எப்போது என்றான். மாதம் ஒரு ஞாயிறு, புஷி பார்க்கில், யார் வேண்டுமானாலும் தங்கள் வண்டியை ஓட்டிப் பார்க்கலாம் என்று திறந்துவிடும் நாளில். இரண்டுக்கும் இந்த ஒரே வண்டிதான்.

அவளை உள்ளே அழைத்துப்போய் இரண்டு டயரைக் காட்டினான். நகத்தால் அழுத்திப் பார்க்கச் சொன்னான். முதலாவது கல் மாதிரி இருந்தது. இரண்டாவதில் நகம் பதிந்து தடம் நின்றது. அவள் கண்கள் விரிந்தன. இதுதான், இதைத்தான் கேட்டேன் என்றாள்.

அவன் மறுத்தான். இது சூடேறினால்தான் ஒட்டும் என்று விளக்கினான். டிராக்கில் இரண்டு சுற்று ஓடினால் பல்லி மாதிரிப் பிடிக்கும். ஆறிப்போனால் வெறும் பிளாஸ்டிக். மேலே பட்டன் வரிகள் கிடையாது, தண்ணீர் வெளியே போக வழி கிடையாது. நம்மூர் ரோட்டில் பவளக்கல் சல்லி. தேய்ந்து தேய்ந்து கண்ணாடி மாதிரி ஆகிக் கிடக்கிறது. அதில் முதல் மழை விழுந்தால் சோப்பு போட்டதுபோல. இந்த டயரோடு மழையில் ஹார்ஸ் ஹில்லில் இறங்கினால் நேராகக் கடல்தான்.

ரெண்டுக்கும் ஆகிற மாதிரி ஒன்று இல்லையா என்றாள்.

"இருக்கு. ரெண்டு இடத்துலயும் பாதி பாதிதான் செய்யும்."

"நீங்க டயர் விக்கறவரா, விக்காம இருக்கறவரா?"

இரண்டு செட் வாங்க வேண்டும் என்றான். ரோட்டுக்கு ஒன்று, டிராக்குக்கு ஒன்று. அவள் கையை விரித்தாள். மாடியில் ஒற்றை அறை. கட்டிலுக்குக் கீழேயா வைப்பது?

"இங்கயே வைங்க," என்றான் அகீம்.

யாருக்கும் அப்படிச் சொன்னதில்லை. சொன்ன வாய் தன்னுடையதுதானா என்று அவனுக்கே சந்தேகம். அவள் தலையைச் சாய்த்து அவனைப் பார்த்தாள். கண்ணைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தாள்.

"கீழ்வரிசைல உள்பக்கம் கறை இருக்கு," என்றாள். "சிரிக்காததால இத்தனை நாள் யாருக்கும் தெரியல போல."

அவள் வண்டிக்குப் போனாள். ஒரு நிமிடம். கதவு மறுபடி திறந்தது. கன்னத்துக் கரியோடு மழையிலேயே திரும்பி வந்து நின்றாள்.

"இதைப் பாத்துட்டேதானே இவ்ளோ நேரம் பேசினீங்க..."

அகீம் சிரித்துவிட்டான். கறை தெரியத் தெரியச் சிரித்தான்.

கடையின் பின் மூலையில் ஒரு அலமாரியை ஒழித்துவைத்தான். நான்கு டயரிலும் சாக்பீஸால் எழுதினான். கெசியா கிட்டன்ஸ், ஞாயிறு.

அதன்பிறகு மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை அவள் வருவாள். ரோட்டு டயரைக் கழற்றி ஞாயிற்றுக்கிழமை டயரை மாட்டுவான். மறுநாள் சாயங்காலம் திரும்பி வருவாள். ஞாயிற்றுக்கிழமை டயரைக் கழற்றி ரோட்டு டயரை மாட்டுவான். வெறும் கையோடு வரமாட்டாள். சனிக்கிழமை என்றால் ஊருக்கே வள்ளிக்கிழங்கு புட்டிங்கும் எலுமிச்சையில் ஊறிய பன்றிக்கறியும்தான். இரண்டு பொட்டலம் வாங்கி வருவாள். அவன் வேலை செய்வான். அவள் கவிழ்த்த டப்பாவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே பேசுவாள். வாயைத் திறக்க மறுத்து ஆஸ்பத்திரி நாற்காலியில் தூங்கிவிட்ட கிழவரைப் பற்றி. நாக்கைக் கடித்துவிட்ட போலீஸ்காரரைப் பற்றி. டிராக்கின் கடைசி வளைவில் பின்சக்கரம் நழுவுகிற அந்த ஒரு கணத்தில் வயிற்றுக்குள் என்ன ஆகும் என்பதைப் பற்றி... அதைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்துவிடும். கோயிலில் பேசுகிற மாதிரி.

'நீங்க' எப்போது 'நீ' ஆனது என்று இருவருக்கும் தெரியாது.

பத்தாவது மாதமோ பதினொன்றாவதோ, ஒரு ஞாயிறு சாயங்காலம். வெளியே மழை. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நாலு டயரை மாத்த ஒன்றரை மணி நேரம். தீவுலயே மெதுவான கடை இதுதான்."

"மத்தவங்களுக்கு இருபது நிமிஷம்தான் ஆகும்," என்றான் அகீம்.

அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். அவன் போல்ட்டை முறுக்கினான். ஏற்கெனவே முறுக்கிய போல்ட்டையே மறுபடி முறுக்கினான். வெகுநேரம் கழித்து அவள் எழுந்து வந்து பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அந்த போல்ட் உடைந்துவிடும், விட்டுவிடு என்றாள். அவன் கை மேல் கை வைத்துச் சொன்னாள்.

மிஸ் வெல்டாவுக்குப் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகாமல் டிராக்கில் ரப்பரை எரிக்கிற கூட்டத்து ஆள் என்று சொல்லிவிட்டார். அவன் போய் வாசல் கேட்டில் நின்று குட்மார்னிங் மிஸ் வெல்டா என்பான். அவர் செம்பருத்திச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார். பதில் வராது. இந்த ஊரில் கன்னத்தில் அறைவதைவிட அது பெரியது. எட்டு மாதம், வாரம் தவறாமல் போனான். ஒரு நாள் செடியைப் பார்த்தபடியே, "குட்மார்னிங்," என்றார். வண்டிக்குள் உட்கார்ந்திருந்த கெசியா அழுதுவிட்டாள்.

கல்யாணம் ஆனது. சிக்ஸ் ரோட்ஸ் வீட்டுக்கு வந்தாள். மூன்று வருடம். நல்ல வருடங்கள். அப்போது அது தெரிந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

அதில் இரண்டாவது வருடம்தான் அவன் புது ரக டயர் ஒன்றை வரவழைத்தான். ரோட்டுக்கும் டிராக்குக்கும் சேர்த்தே செய்தது. அவள் பட்டன் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள். இப்படி ஒன்று பாதி பாதிதான் செய்யும் என்று நீதானே சொன்னாய் என்றாள். காலம் மாறிவிட்டது, ரப்பர் மாறிவிட்டது என்றான். அது உண்மைதான். டயர் விஷயத்தில் அவன் யாரிடமும் பொய் சொன்னதில்லை. ஆனால் இன்னொரு உண்மையும் இருந்தது. கடை பெரிதாகியிருந்தது. சனிக்கிழமைகளில் கூட்டம். இரண்டு நாள், எட்டு டயர், கழற்றி மாட்ட அவனுக்கு அலுத்துவிட்டது. ஒன்றரை மணி நேரம் வேண்டும் என்று ஏங்கிய அதே மனிதனுக்கு இருபது நிமிடம் பாரமாக இருந்தது.

மூலை அலமாரி காலியானது. சாக்பீஸ் எழுத்து இருந்த டயர்களை யாருக்கோ விற்றான்.

புது டயருக்கு மாற்றுகிற வேலை இல்லை. ஒன்றே ஒன்று மட்டும் செய்ய வேண்டும். டிராக்கில் ஓட ஓட டயர் சூடேறும், உள்ளே காற்று விரியும், உப்பிப்போய் வழுக்கும். அதனால் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிட வேண்டும். அங்கே சூட்டில் முப்பது காட்டும். வீட்டுக்கு வந்து ஆறியதும் அதே டயர் இருபத்தொன்று காட்டும். இருபத்தொன்றோடு மழை ரோட்டில் போனால் டயர் தண்ணீரைக் கிழிக்காது, தண்ணீர் மேல் மிதக்கும். அதனால் டிராக்கிலிருந்து திரும்புகிற வழியில் கடையில் நிறுத்தி, நான்கிலும் முப்பத்திரண்டுக்கு ஏற்றிவிடுவான். அது அவன் வேலை. அவளுக்கும் செய்யத் தெரியும். ஆனால் அவன் வேலை என்று ஆகிவிட்டது. பத்தொன்பது ஞாயிறு செய்திருக்கிறான். ஒன்றுகூடத் தவறியதில்லை.

இருபதாவது ஞாயிறு, மே மாதம். ஐந்து வாரமாக மழையில்லை. புஷி பார்க்கில் அவன் தன் வண்டியை ஓட்டினான். பெரிய வண்டி, பெரிய இன்ஜின். அவள் மஞ்சள் வண்டியை ஓட்டினாள். மத்தியானம், யார் எத்தனை நொடியில் சுற்றினார்கள் என்ற நேரப் பட்டியலை ஒட்டினார்கள். கெசியா அவனைவிட முக்கால் நொடி முன்னால்.

வேலி ஓரமாக மீன் பஜ்ஜி தின்றுகொண்டிருந்த கூட்டாளிகளுக்கு அன்றைக்கு வேறு வேலையில்லை. பெண்டாட்டியிடம் டியூஷன் போ என்றான் ஒருவன். இனி அவள் கடையைப் பார்க்கட்டும், நீ பல் தேய்க்கப் போ என்றான் இன்னொருவன். அகீமும் சிரித்தான். சிரிப்பு கன்னத்தோடு நின்றுவிட்டது.

அவள் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு வந்தாள். வேர்வையில் நெற்றியில் முடி ஒட்டியிருந்தது. கண்கள்... அவ்வளவு சந்தோஷத்தை அந்தக் கண்களில் அவன் அதற்குமுன் இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறான்.

"ஒரே ஒரு தடவை சொல்லு," என்றாள் கொஞ்சலாக. "'கெசியா, இன்னிக்கு நீ என்னைவிட நல்லா ஓட்டின.' சொல்லு பாப்போம்."

சொல்லியிருக்கலாம். ஆறு வார்த்தை.

"டயர் ஓட்டிச்சு," என்றான் அகீம். "நான் எடுத்துக்குடுத்த டயர். நீ சும்மா உக்காந்திருந்த."

அவள் முகத்தைப் பார்க்காமல் அவளுடைய டயர்களில் காற்றை இறக்கினான். மத்தியானத்து ஓட்டங்களில் அவள் மெதுவாகத்தான் ஓட்டினாள். வேண்டுமென்றே மெதுவாக. அது அவனுக்குப் புரிந்தது. புரிந்ததும் இன்னும் எரிச்சல் வந்தது.

திரும்பும்போது அவன் முன்னால் போனான். அவள் பின்னால் வந்தாள். கடை நெருங்கியதும் கண்ணாடியில் பார்த்தான். மஞ்சள் வண்டி இண்டிகேட்டர் போட்டது. இடது பக்கம், கடைக்குத் திரும்ப. மினுக்... மினுக்... அவன் வேகத்தைக் குறைக்கவில்லை. நேராகப் போனான். கொஞ்ச தூரம் வரை அது மினுக்கிக்கொண்டே வந்தது. பிறகு அணைந்தது.

வீட்டில் ஒரு சின்ன காற்று மெஷின் இருந்தது. அதில் ஏற்றிக்கொள்வான் என்று அவள் நினைத்திருப்பாள். அவனும் அப்படித்தான் நினைத்தான். காலையில், கோபம் ஆறியதும்.

எட்டு இருபத்தைந்து. தூறல் வலுத்திருந்தது. அகீம் வண்டியைக் கிளப்பினான்.

மிஸ் வெல்டா கேட்டிலேயே நின்றிருந்தார். ஊதா நிறத் தொப்பி, கையுறை, கைப்பை, அதில் மடித்துவைத்த மூன்று தாள். குட்மார்னிங் சொல்லிக்கொண்டார்கள். வழியில் அவர் தாள்களைப் பிரித்து உதட்டசைவில் படித்தபடி வந்தார். கோயில் வாசலில், மஹோகனி மரத்தடியில் வண்டியை நிறுத்தினான். இன்ஜினை அணைத்தான். இறங்கவில்லை.

"மிஸ் வெல்டா. அதைப் படிக்காதீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான். மெதுவாக, வரிசையாக, வாடிக்கையாளருக்கு டயரை விளக்குகிற மாதிரி. முக்கால் நொடியை, கூட்டாளிகளின் கேலியை, இறக்கிய காற்றை, மினுக்கிய இண்டிகேட்டரை. திங்கட்கிழமை விடியும்போதே ஐந்து வாரத்து முதல் மழை பெய்துகொண்டிருந்ததை. இருவரும் அன்று குட்மார்னிங் சொல்லிக்கொள்ளாததை. அவள் குளித்து, உடுத்தி, தனியாகக் காபி குடித்த சத்தத்தையெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்தபடி, தூங்குகிற மாதிரி கேட்டுக்கொண்டிருந்ததை. மூன்று நாள் கழித்து, நொறுங்கிய வண்டி கிடந்த இடத்துக்குப் போனதை. பின்பக்கம் ஒரு டயர் மட்டும் அடிபடாமல் இருந்தது. காற்றளவு பார்க்கும் கருவியை வைத்துப் பார்த்தான்.

"எவ்வளவு?" என்றார் மிஸ் வெல்டா.

"இருபத்தொண்ணு."

"எவ்வளவு இருக்கணும்?"

"முப்பத்திரண்டு."

கோயிலுக்குள் ஆர்கன் வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். குடை பிடித்துக்கொண்டு யார் யாரோ உள்ளே போனார்கள். ஒரு அம்மா கண்ணாடியில் தட்டிக் கையசைத்தார். இருவரும் கையசைத்தார்கள்.

"அப்போ அவ வேகமா போகலயா?"

"எனக்குத் தெரியாது. ஆனா மெதுவா போயிருந்தாலும், விபத்து நடந்த அந்த வளைவுல வண்டி நின்னிருக்காது."

மிஸ் வெல்டா கையுறையைக் கழற்றினார். ஒவ்வொரு விரலாக.

"கல்லறைல நின்னு அவளைத் திட்டினேன்," என்றார். "பிறந்தநாளுக்குப் போனப்போ. கிறிஸ்துமஸுக்குப் போனப்போ. இப்படி ஓட்டி என்னைத் தனியா விட்டுட்டுப் போயிட்டியேடின்னு திட்டினேன். நீ பக்கத்துல நின்ன."

"ஆமா."

"பூ வாங்கிட்டு வந்து பக்கத்துல நின்ன."

"ஆமா."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனிடம் ஒரு பதில்தான் இருந்தது. இதைச் சொன்னால் இந்த உலகத்தில் கெசியாவைப் பற்றிப் பேச அவனுக்கு மிச்சமிருக்கும் ஒரே ஆளையும் இழந்துவிடுவான். அதற்காக அவளுடைய பெயரை விற்றான். சாக்பீஸ் எழுத்தோடு டயரை விற்ற மாதிரியே.

"அவகிட்ட நான் ஒத்துக்கல மிஸ் வெல்டா," என்றான். குரல் உடைந்தது. இரண்டு வருடத்தில் முதல் தடவை. "அவ என்னைவிட நல்லா ஓட்டுவா. எப்பவுமே. நகத்தை அழுத்தி டயரைப் பாத்தாளே, அன்னிக்கே எனக்குத் தெரியும். அவளை மாதிரி ஒருத்தி என் கடைக்கு வந்ததே... அதை ஒரு தடவைகூட நான் அவகிட்ட சொல்லல."

மிஸ் வெல்டா கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். மடியில் வைத்து, முதல் தாளின் முதல் வரியை அடித்தார். ஒரு கோடு. அது போதாதென்று இன்னொரு கோடு. பிறகு கடைசித் தாளைப் புரட்டி, அந்த வரி மேல் பேனாவை வைத்து நிறுத்தினார்.

"இது? இதாவது அவ சொன்னதா?"

அவன் தலையசைத்தான். இல்லை.

அந்த வரியையும் அடித்தார். ஆர்கன் நின்றது. உள்ளே எல்லோரும் எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவர் இறங்கவில்லை. பேனாவைத் தாளின் மேலேயே வைத்திருந்தார்.

"அப்போ என்ன சொன்னான்னு சொல்லு. அவ சொன்ன மாதிரியே சொல்லு. அழகு பண்ணாத."

அகீம் சொன்னான். செருப்பு மாட்டிக்கொண்டு அவள் படுக்கையறை வாசல் வரை வந்தாள். உள்ளே வரவில்லை. டயரில் காற்று பார்த்துவிட்டாயா என்று கேட்டாள். அவன் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தே "ம்" என்றான். அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். சாவிக்கொத்து ஒரு தடவை குலுங்கியது. பிறகு சொன்னாள். கோபமே இல்லாமல்தான் சொன்னாள்.

"சரி. நீ பாத்திருந்தா நான் பாக்க வேணாம்."